கழல மறுத்த மரைகள்: காங்கேசன்துறைப் பழைய கார்களின் கதை

அறிவு சற்றே தடுமாறிய ஒருவரை "மரை கழன்றவன்" என்று குறிப்பிடுவது நம்மவர் வழக்கம். ஆயினும் பழைய கார்களோடு காலம் கழித்த கராஜ்காரர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். மரை கழல்வது ஒரு துன்பமே அல்ல, கழல மறுப்பதுதான் துன்பம் என்பார். அந்தத் துன்பத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டின் கராஜ்கள் அனுபவித்த அளவுக்கு வேறெந்த ஊரின் கராஜ்களும் அனுபவித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதிலும் காங்கேசன்துறையின் கதை தனியானது.

குடாநாட்டின் பழைய கார்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். கலியாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறிவந்த மொறிஸ் மைனர், ஆஸ்பத்திரிக்கு ஆட்களைச் சுமந்த ஒஸ்ரின் ஏ 40, வாடகைக்கு நின்ற கேம்பிறிட்ஜ் என்று அந்த எழுத்துகளில் ஏக்கம் நிரம்பி வழியும். ஆனால் அந்தக் கார்கள் அறுபது ஆண்டுகள் ஓடியது எப்படி என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அவற்றை ஓட்டியவர்களைக் காட்டிலும், அவற்றின் அடியில் மல்லாந்து கிடந்து நட்டுகளைக் கழற்றியவர்களுக்கே அந்தக் கேள்விக்கு விடை தெரியும்.

முதலில் ஊரைப் பற்றி. காங்கேசன்துறை ஒரு துறைமுகம். 1893இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு கடலைப் பார்த்தபடி நிற்க, 1905இல் கொழும்போடு இணைந்த வடபுலத்துப் புகையிரதப் பாதையும் அங்கேயே முடிவடைகிறது. 1950இல் சீமெந்து ஆலை தோன்றியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் தாராளமாகக் கிடைத்தது, களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. ஆலை என்றால் சீமெந்து மாத்திரமல்ல. கடைசல் பட்டறை, ஒட்டுவேலைக் கூடம், பெரிய பெரிய பற்சக்கரங்களைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பொருத்துநர் கூட்டம் எல்லாம் அதனோடு வந்தன. ஆலையில் பகலில் கை பழகியவர்கள் மாலையில் அயலவரின் காரையும் பார்ப்பதுண்டு. இயந்திரம் கண்டு அஞ்சாத ஒரு தலைமுறையை அந்த ஊருக்கு ஆலை கொடுத்தது எனலாம்.

துருவையும் அந்த ஊர் தாராளமாகவே கொடுத்தது. கடற்காற்றிலே வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்பு அரிபடுவதையும் விரைவாக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேலாகப் பெருகுகிறது. நட்டுக்கும் போல்டுக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளிதான் உண்டு. அந்த இடைவெளியில் பெருகும் துரு ஆப்பு அடித்ததுபோல் இரண்டையும் இறுக்கிவிடும். போதாதற்கு ஆலையை அண்டிய வீதிகளின் தூசி காரின் அடிப்பாகத்தில் படிந்து, பனியிலும் மழையிலும் நனைந்து, நட்டுகளின் மேல் கல்லாக உறைந்துவிடும். அதைச் சுரண்டி எடுத்த பின்னரே உள்ளே இருப்பது நட்டா அன்றி வெறும் துருக்கட்டியா என்பது தெரியவரும்.

இனி, மரைகளின் வரலாற்றுக்கு வருவோம். சற்றுத் தொழில்நுட்பமானதுதான், ஆனாலும் பொறுத்தருளுங்கள், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1841இல் ஜோசப் விற்வேர்த் என்ற ஆங்கிலேயர் மரைகளுக்கென ஒரு பொது அளவை முன்வைத்தார். அதற்கு முன்னர் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போன போக்கில் மரை வெட்டியது, ஒரு பட்டறையின் நட்டு இன்னொன்றின் போல்டில் ஏறாது. விற்வேர்த் மரையின் கோணம் 55 பாகை. பிரித்தானியப் பேரரசு சென்ற இடமெல்லாம் அந்த மரையும் சென்றது. பின்னர் மெல்லிய மரை வேண்டுமென்று 1908இல் இன்னோர் அளவும் சேர்ந்தது. அமெரிக்கர்களோ 60 பாகையில் வெட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு இயந்திரங்களும் ஒரே களத்தில் நின்றபோது, ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதற்குப் பொருந்தாமல் இரு தரப்பும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதன் விளைவாக 1948இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் கூடி ஒருங்கிணைந்த மரை என்ற பொது அளவுக்கு உடன்பட்டன.

காலத்தைக் கவனியுங்கள். இலங்கை சுதந்திரமடைந்ததும் 1948, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் சந்தைக்கு வந்ததும் 1948. பிரித்தானியக் கார்கள் பழைய மரையிலிருந்து புதிய மரைக்கு மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்த 1950களில்தான் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்களும் வைத்தியர்களும் சுருட்டு வியாபாரிகளும் கார் வாங்கினார்கள். ஆகவே ஒரே தெருவில் நின்ற இரண்டு கார்களில் ஒன்று பழைய மரை, மற்றது புதிய மரை. மொறிஸ் நிறுவனத்தின் எஞ்சின் பிரிவு பிரெஞ்சு ஹொட்ச்கிஸ் நிறுவனத்திடமிருந்து 1923இல் வாங்கிய தொழிற்சாலையில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. அங்கே செய்யப்பட்ட சில எஞ்சின்களில் மரை பிரெஞ்சு மில்லிமீற்றர் அளவு, நட்டின் தலையோ விற்வேர்த் அளவு!

அளவு மாறினால் என்ன நடக்கும்? 5/16 அங்குலப் பழைய மெல்லிய மரையில் ஓர் அங்குலத்துக்கு 22 சுற்று. அதே தடிப்புள்ள புதிய மெல்லிய மரையில் 24 சுற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றை மற்றதில் போட்டால் இரண்டு சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுகும். துருப்பிடித்ததாக்கும் என்று நினைத்து நீண்ட ஸ்பனரைப் போட்டு அமுக்கினால், மரை முழுவதும் வழித்துக்கொண்டு போய்விடும். 8 மில்லிமீற்றர் போல்டும் இதே தடிப்புத்தான். அதுவும் இதே கண்கட்டு வித்தையைக் காட்டும்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையில் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த கார்களே மீண்டும் மீண்டும் கைமாறின. பிரித்தானியாவில் பத்து வருடத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய கார் இங்கே பேரன் காலம் வரைக்கும் ஓடியது. நல்லகாலமாக, 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாக இணைந்தன. ஒஸ்ரின் ஏ 30க்கென 1951இல் வந்த எஞ்சின் வகை மறு ஆண்டே மொறிஸ் மைனருக்குள்ளும் ஏறியது. எனவே ஒன்றின் பாகத்தை மற்றதற்கு மாற்றிப் பூட்டும் வித்தையை நம்மவர்கள் வெகுவிரைவில் கற்றுக்கொண்டார்கள்.

1977க்குப் பின்னர் ஜப்பானிய வாகனங்கள் வந்தன. அவற்றோடு ஜப்பானிய ஸ்பனர் தொகுதிகளும் வந்தன: 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீற்றர். பளபளவென்று மின்னும், விலையும் மலிவு. பழைய பிரித்தானியக் காருக்கு வந்த வினை அதுதான். மைனரின் கால் அங்குல போல்டின் தலை 11.1 மில்லிமீற்றர். அதற்கு 10 ஏறாது, 12 வழுக்கும். 5/16 அங்குல போல்டின் தலை 12.7. அதற்கு 12 ஏறாது, 14 வழுக்கும். 3/8 அங்குல போல்டின் தலை 14.3. அதற்கு 14 ஏறாது, 17 வழுக்கும். பொருந்தியது முக்கால் அங்குலத் தலை ஒன்றே, அது 19க்குச் சரியாக இருந்தது. தளர்வான ஸ்பனர் நட்டின் ஆறு முகங்களையும் பற்றுவதில்லை, முனைகளை மட்டுமே கடிக்கும். துருப்பிடித்த நட்டோ அசையாது. அமுக்க அமுக்க முனைகள் மழுங்கி, அறுகோணம் வட்டமாகும். வட்டமானதை எந்த ஸ்பனராலும் பிடிக்க முடியாது. இப்படி மழுங்கிய நட்டுகளைக் கண்டால் பழைய கராஜ்காரர்களுக்கு வரும் கோபம் தனி ரகம். காரை முந்தி யாரிடம் காட்டினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

1980களில் காங்கேசன்துறைப் பக்கத்தில் இத்தகைய கராஜ் ஒன்றுக்கு அலுவலகக் காரோடு நான் அடிக்கடி செல்வதுண்டு. எழுத வேண்டிய செய்தி காத்திருக்கும்போதும் அங்கே மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். அந்த மனிதரின் வேலையில் அவசரம் என்பதே கிடையாது. மாலையில் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து நட்டின்மேல் விட்டுவிட்டுப் போய்விடுவார். மறுநாட் காலையில் மீண்டும் விடுவார். மெல்லிய எண்ணெய் துருவின் நுண்துளைகளுக்குள் தானாகவே ஊறிச் செல்லும், அதற்கு நேரம்தான் வேண்டும். இடையிடையே சிறு சுத்தியலால் நட்டின் பக்கங்களில் தட்டுவார். உடைக்கும் தட்டல் அல்ல. துருவின் பிணைப்பை அதிரவைத்து எண்ணெய்க்கு வழிவிடும் தட்டல். கையாளாக நின்ற சிறுவனிடம் ஒருநாள், "அவசரப்படாதை தம்பி, முதலிலை கொஞ்சம் இறுக்கு. பிறகு கழட்டு" என்றார். "இறுக்கினா இன்னும் இறுகாதோ அண்ணை?" என்று சிறுவன் கேட்டான். எனக்கும் அதே ஐயம். அவர் ஸ்பனரை வாங்கி இறுக்கும் திசையில் ஒரு கண்டம் அசைத்தார். "டிக்" என்றொரு சத்தம். துரு எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதான். பின்னர் நட்டு மறுபக்கமாகத் திரும்பியது.

அதற்கும் மசியாவிட்டால் அடுத்தது நெருப்பு. வெப்பத்தில் நட்டு விரியும்போது அதன் துளை சுருங்கும் என்று படித்தவர்களிற் சிலர்கூட நினைப்பதுண்டு. அப்படியல்ல, துளையும் சேர்ந்தே விரியும். 12 மில்லிமீற்றர்த் துளையுள்ள நட்டை 300 பாகை சூடாக்கினால் துளை ஏறத்தாழ 0.04 மில்லிமீற்றர் பெரிதாகும். உள்ளே போல்ட் அவ்வளவு சூடாகுமுன்னரே திருப்பிவிட வேண்டும். சூடு ஆறும் வேளையில் மெழுகுதிரியை மரையோரம் தேய்த்தால் உருகிய மெழுகு உள்ளே இழுபட்டுச் செல்லும். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் இந்த வேலை ஆகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தலை முற்றாக மழுங்கிய நட்டு என்றால் வழிகள் வேறு. அரத்தால் இரண்டு எதிர்ப்பக்கங்களைத் தட்டையாக்கிச் சிறிய ஸ்பனரைப் போடலாம். சற்றுச் சிறிய வளைய ஸ்பனரைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம். இவை இரண்டும் பலிக்காவிட்டால் உளியை நட்டின் பக்கவாட்டில் வைத்து நட்டைப் பிளந்துவிட வேண்டியதுதான். நட்டு போனால் போகிறது, போல்ட் தப்பவேண்டும். போல்டே உள்ளே முறிந்துவிட்டால் அதுதான் உச்சகட்ட சோதனை. மீதித் துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து ஒட்டுவேலை செய்து திருப்புவார்கள். ஒட்டும் சூடே துருவைத் தளர்த்திவிடும் என்பது அதில் கிடைக்கும் இனாம். அல்லது முறிந்த துண்டின் நட்டநடுவில் துளையிட்டு, இடப்பக்க மரை வெட்டிய கருவியைச் செருகி, கழற்றும் திசையிலேயே திருப்பி இழுப்பார்கள். துளை ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் எஞ்சின் உடலின் மரை கெட்டுவிடும். இடப்பக்க மரை என்பது நம்மவருக்குப் புதிதல்ல. சைக்கிளின் இடது பெடலைக் கழற்றப் பார்த்த எவருக்கும், அது எதிர்த்திசையில் கழலும் அதிசயம் தெரிந்திருக்கும். சில பழைய கார்களின் முன்சில்லு அச்சிலும் இது உண்டு. அறியாதவர்கள் கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. காங்கேசன்துறையும் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதியும் மக்களற்ற இராணுவ வலயமாயின. யாழ்தேவி நின்றது, ஆலை நின்றது. மக்கள் கையில் எடுத்ததோடு தெற்கு நோக்கி நகர்ந்தார்கள். ஓடக்கூடிய கார்கள் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு சென்றன. ஏதாவதொரு நட்டு கழலாததால் கழற்றிய எஞ்சினோடு கராஜில் நின்ற கார்கள் அங்கேயே நின்றுவிட்டன. அந்த அண்ணையும் ஸ்பனர்ப் பெட்டியை மாத்திரம் சைக்கிளிற் கட்டிக்கொண்டு வந்ததாகவும், பின்னர் மானிப்பாய்ப் பக்கம் ஒரு மாமரத்தடியில் தொழிலைத் தொடங்கியதாகவும் அறிந்தேன்.

அதன் பின் வந்த பொருளாதாரத் தடையைப் பற்றி வாசகர்கள் அறிவீர்கள். பெற்றோல், டீசல், பற்றறி, இரும்பு, சீமெந்து என்று தடுக்கப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. மின்சாரமும் இல்லை. அப்போதுதான் அந்தப் பழைய பிரித்தானியக் கார்கள் இரண்டாம் வாழ்வு பெற்றன. சிறு போத்தலொன்றில் வைத்திருந்த பெற்றோலின் சில துளிகளைக் கார்பரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பழைய எஞ்சின்களில் எரிபொருட் கலவை ஏழு மடங்கு அளவுக்கே அமுக்கப்பட்டது, அதனால் அவை தரங்குறைந்த எரிபொருளையும் சகித்துக்கொண்டன. அதிக அமுக்கத்தோடு வந்த புதிய ஜப்பானிய எஞ்சின்களுக்கு அந்தச் சகிப்புத்தன்மை குறைவு. முப்பது வருடம் பழமையானதென்று கேலி செய்யப்பட்ட ஒஸ்ரின், ஆஸ்பத்திரி வாசலுக்கு நோயாளரைக் கொண்டுசென்றது இப்படித்தான்.

ஆனால் மண்ணெண்ணெய் இலவசமாக எதையும் செய்யாது. முழுவதும் எரியாமல் கரியாகப் படியும், எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே எஞ்சினின் தலையை அடிக்கடி கழற்றிக் கரி சுரண்ட வேண்டியிருந்தது. தலையைக் கழற்றுவதென்றால் அதனை இறுக்கிப் பிடித்த நட்டுகள், புகைக்குழாயை இணைக்கும் நட்டுகள் எல்லாம் கழலவேண்டும். காரிலேயே மிக மோசமாகத் துருப்பிடிப்பவை இந்தப் புகைக்குழாய் நட்டுகள்தாம், அனலும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் இடம் அது. மாற்றுவதற்குப் புதிய போல்ட் கிடையாது. ஒன்று முறிந்தால் ஒரு காரே படுத்துவிடும். அதை நம்பி ஒரு சாரதியின் குடும்பமும் ஓர் அயலின் அவசரத் தேவையும் இருந்தன.

முன்னர் இருந்த வசதிகளும் அப்போது இல்லை. வாயு உருளை வரவில்லை, ஒட்டுவேலைக்கு மின்சாரமில்லை. ஊறவைக்கும் மண்ணெண்ணெயும் அடுப்புக்கும் விளக்குக்கும் காருக்கும் போக மிஞ்சினால்தான் உண்டு. எனவே தொழில் பின்னோக்கி நடந்தது. கொல்லர் உலையில் சிரட்டைக்கரி மூட்டி, துருத்தி ஊதி, இரும்புத் துண்டொன்றைப் பழுக்கக் காய்ச்சி, குறட்டால் பிடித்து நட்டின்மேல் வைத்துச் சூடேற்றினார்கள். கைத்துளைப்பானால் முறிந்த போல்டில் துளையிட்டார்கள். ஒரு துளைக்கு அரை நாள் போனது. மின்கருவி வேகத்தில் ஓடி உலோகத்தைக் கெடுக்கும் அபாயம் இதில் குறைவு என்று அந்நாளைய தொழிலாளி ஒருவர் பிற்காலத்தில் என்னிடம் சொன்னார். கழற்றிய போல்டுகளைத் தேய்த்து, எண்ணெய் பூசி, பழைய பால்மாப் பேணிகளில் அளவு பிரித்து வைப்பது எல்லா இடத்திலும் வழக்கமாயிற்று. பழைய மரை ஒரு பேணி, புதிய மரை ஒரு பேணி, மில்லிமீற்றர் ஒரு பேணி.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமமே ஒட்டுமொத்தமாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அந்தப் பேணிகளில் எத்தனை பேணிகள் கூடவே சென்றன என்பதை எவரும் கணக்கெடுத்ததில்லை. இரும்பு பாரமானது. பிள்ளைகளையும் அரிசியையும் சுமக்கவேண்டிய வேளையில் யார் நட்டுகளைச் சுமப்பார்?

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். குடாநாடு ஒரு போல்டுக்குத் தவம் கிடந்த அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஒரு மொறிஸ் மைனர் நிலையத்தின் முயற்சியால், இலங்கையிலேயே அக்காரின் உடற்பாகங்கள் செய்யப்பட்டுப் பிரித்தானிய இரசிகர்களுக்காகக் கப்பலேறின. பழைய காரைப் பேணும் கைத்திறன் தேசத்தின் மூலதனம் என்று அப்போது பாராட்டப்பட்டது. அந்தப் பாராட்டு வடக்கு நோக்கி வரவில்லை, வருவதற்குப் பாதையும் இருக்கவில்லை. ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது.

காங்கேசன்துறைக்குப் புகையிரதம் திரும்பியது 2015 ஜனவரி 2ஆந் திகதி. பழைய தண்டவாளங்கள் போர்க்காலத்தில் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்டதால் பாதை முழுவதும் புதிதாக இடப்பட்டது. 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனவர்களில் பலருக்கு வீட்டின் எல்லையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. காரைத் தேடியவர் சிலரே.

அவ்வாறு தேடியவர்களில் ஒருவரோடு நானும் போயிருந்தேன். கராஜ் இருந்த இடத்தில் பற்றை. அதற்குள்ளே சில்லுகளற்ற ஒரு கார்ச் சட்டகம். எந்தக் கார் என்று சொல்வதற்கு உடற்தகடு ஏதும் எஞ்சியிருக்கவில்லை. கூட வந்த முதியவர் குந்தியிருந்து, முன் அச்சில் எஞ்சிய நட்டொன்றின் துருவைக் கத்தியால் சுரண்டினார். பையிலிருந்து பழைய அங்குல ஸ்பனர் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. "மைனர். ஐம்பத்திரண்டுக்குப் பிந்தினது" என்றார். ஸ்பனரைத் திருப்பவில்லை. கழற்றட்டுமா என்று மகன் கேட்டபோது, இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து கிணற்றடியைப் பார்க்கப் போனார்.